விமானமும் பதிவேடும்

நெசவாளர்களும் விவசாயிகளும் படிக்கும் பத்திரிகையில் ஆகாய விமானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் வினவலாம். நம்மில் பலர் விமானத்தில் ஏறியிரார். ஆயினும் விமானம் ஏறாதவரை அதன் பாதுகாப்பு தொடாது என்று சொல்வதற்கில்லை. 2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் லண்டனுக்குப் புறப்பட்ட விமானம் விழுந்தபோது இறந்த 260 பேரில் 19 பேர் தரையில் இருந்தவர்கள். பிரயாணச் சீட்டு வாங்காதவர்களும் அவ்விபத்தில் பலியாயினர்.

அவ்விபத்தின் காரணத்தை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. அதற்கு முன்பே உலகெங்கும் பேசப்பட்டு, விசாரணைகள் முடிந்து, அறிக்கைகளும் வெளிவந்துவிட்ட வேறொரு விவகாரத்தையே எடுத்துக் கொள்கிறோம். அது போயிங் கம்பெனியின் 737 மாக்ஸ் என்னும் விமானத்தைப் பற்றியது. அவ்வறிக்கைகளைப் படிக்கும்போது, யந்திரங்களைப் பற்றிய செய்திகளுக்கு அடியில், கூட்டுறவுச் சங்கத்தாருக்கு மிகவும் பழக்கமான இரண்டு விஷயங்கள் கிடப்பதைக் காண்கிறோம். ஒன்று பதிவேடு, மற்றொன்று தணிக்கை.

விமானம் உருவான விதம்

போயிங் 737 என்பது 1967ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த பழைய அமைப்பு. 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போட்டிக் கம்பெனியாகிய ஏர்பஸ், குறைந்த எண்ணெயில் அதிக தூரம் செல்லும் புதிய எஞ்சின்களைத் தன் விமானத்தில் பொருத்தப் போவதாக அறிவித்தது. விமானக் கம்பெனிகள் அதனை நாடிச் செல்லவே, போயிங்கும் 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தனது பழைய 737க்கே புதிய எஞ்சின்களைப் பொருத்தி விற்பதென்று தீர்மானித்தது. புதிய விமானம் ஒன்றை அடியிலிருந்து அமைப்பதைவிட இது விரைவானது, செலவும் குறைவு.

புதிய எஞ்சின்கள் பழையவற்றினும் பருத்தவை. 737 தரைக்கு மிக அருகில் நிற்கும் விமானமாதலின், அவற்றை இறக்கையின் கீழே முன்போலத் தொங்கவிட இடம் போதவில்லை. ஆகவே அவற்றைச் சற்று முன்னுக்குத் தள்ளியும் உயர்த்தியும் பொருத்தினர். இதனால் சில வேளைகளில் விமானத்தின் மூக்கு வேண்டிய அளவுக்கு மேல் தூக்கிக் கொள்ளும் இயல்பு உண்டாயிற்று. மூக்கு அளவு கடந்து உயர்ந்தால் இறக்கைகள் காற்றின் தாங்குதலை இழந்துவிடும். இதனைத் தடுக்க, மூக்கு மிக உயர்ந்ததென்று அறிந்தவுடன் விமானியைக் கேளாமலே வால்பகுதியின் கிடைச் சிறகைத் திருப்பி மூக்கைத் தாழ்த்தும் கணிப்பொறி ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தனர். எம்காஸ் என்பது அதன் பெயர்.

மூக்கு உயர்ந்ததை அந்த ஏற்பாடு எவ்வாறு அறியும்? காற்று எந்தக் கோணத்தில் வந்து மோதுகிறது என்று அளக்கும் சிறு கருவிகள் விமானத்தின் முன்பக்கத்தில் வலமும் இடமுமாக இரண்டு உள்ளன. எம்காஸ் ஏற்பாடோ ஒரு சமயத்தில் ஒரே ஒரு கருவியின் சொல்லை மட்டும் நம்பிச் செயற்பட்டது. நெல் கொள்முதல் நிலையத்தில் இரண்டு தராசுகள் இருந்தும், ஒன்றன் எடையை மற்றொன்றில் சரிபார்க்காமல் மூட்டைகளைத் தள்ளிவிடுவது போன்றது இது. அந்த ஒரு தராசு பழுதாயிருந்தால் அன்றைய கணக்கு முழுவதும் பழுதே.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. இத்தகைய ஏற்பாடு விமானத்தில் இருக்கிறதென்பதை விமானிகளின் கைநூலில் எழுதவில்லை. பழைய 737 ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை என்பதே இவ்விமானத்தின் விற்பனைச் சிறப்பாயிருந்தது. பயிற்சிக் கூடத்தில் மாதிரி விமானத்தில் பழக வேண்டிய நிலை ஏற்பட்டால், விமானம் ஒன்றுக்குப் 10 லட்சம் டாலர் விலையில் தள்ளித் தருவதாக சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க விமானக் கம்பெனிக்குப் போயிங் ஒப்பந்தமே செய்திருந்தது. புதிய ஏற்பாட்டைப் பற்றி எழுதினால் பயிற்சி வேண்டுமென்ற கேள்வி பிறக்கும், எழுதாவிட்டால் பிறவாது.

எழுதாமல் விட்ட வரிகள்

2018ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, இந்தோனேஷியாவின் லயன் ஏர் கம்பெனியைச் சேர்ந்த புதிய மாக்ஸ் விமானம் ஒன்றில், பழுதான கோணக் கருவியை நீக்கி, பழுது பார்க்கப்பட்ட வேறொரு கருவியைப் பொருத்தினர். அது உண்மைக்கு மாறாகச் சுமார் 21 பாகை அதிகமாகக் காட்டும் நிலையில் இருந்தது. பொருத்திய பின் அதனை முறைப்படி சோதித்தனரா என்பதை உறுதி செய்ய விசாரணையாளர்களால் இயலவில்லை.

அன்று இரவே அவ்விமானம் டென்பசார் நகரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. புறப்பட்டவுடன் எச்சரிக்கைகள் ஒலித்தன. மூக்கு தானாகத் தாழத் தொடங்கியது. விமானிகள் வால்சிறகை இயக்கும் மின்விசையை நிறுத்திவிட்டு, கையால் சக்கரத்தைச் சுழற்றிப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினர். ஆனால் இறங்கிய பின் விமானத்தின் பதிவேட்டில் வேகமும் உயரமும் காட்டும் கருவிகளின் கோளாறுகளை எழுதினரே தவிர, கைப்பிடி விடாமல் அதிர்ந்து எச்சரித்ததையும், வால்சிறகின் விசையை நிறுத்த நேர்ந்ததையும் எழுதவில்லை. பழுது பார்ப்பவர்கள் ஏட்டில் கண்டவற்றை மட்டும் பார்த்துச் சீர்செய்தனர்.

மறுநாள் காலையில் வேறு விமானிகள் அதே விமானத்தை எடுத்துச் சென்றனர். தலைமை விமானி நம் நாட்டவர். எம்காஸ் மூக்கைத் தாழ்த்த, விமானி உயர்த்த, அது மீண்டும் தாழ்த்த, இப்படியே போராடிச் சில நிமிஷங்களில் விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. 189 பேரும் மாண்டனர். முந்திய இரவு எந்த விசையை நிறுத்தினால் விமானம் பிழைக்கும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஏட்டின் வழியாக மறுநாள் விமானிக்கு வந்து சேரவில்லை. இந்தோனேஷிய விசாரணைக் குழு 2019ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் விபத்துக்குக் காரணமென எடுத்துக் கூறிய 9 விஷயங்களில் இதுவும் ஒன்று.

அவ்விபத்துக்குப் பின்னும் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. 2019ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி எதியோப்பிய விமானம் ஒன்று அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்டு ஆறு நிமிஷங்களில் விழுந்தது. கோணக் கருவி ஒன்று தவறாகக் காட்டியதும், எம்காஸ் மூக்கைத் தாழ்த்தியதும் அதே கதை. 157 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் இந்தியர். ஐந்து மாதத்துக்குள் 346 உயிர்கள். மறுநாளே சீனாவும், அடுத்தடுத்துப் பிற நாடுகளும், மார்ச் 13ஆம் தேதி அமெரிக்காவும் இவ்வகை விமானங்களைத் தரையில் நிறுத்தின.

சோதித்தவர் யார்?

ஒரே கருவியை நம்பும் ஏற்பாட்டுக்கு அரசாங்கம் எவ்வாறு அனுமதி அளித்தது என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் விமானங்களைச் சோதித்துச் சான்று வழங்குவது கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம். சோதிக்க வேண்டிய வேலை பெருகிப் போனதால், அந்நிர்வாகம் அவ்வேலையின் பெரும் பகுதியை, தயாரிக்கும் கம்பெனியில் சம்பளம் வாங்கும் பொறியாளர்களிடமே நெடுங்காலமாக ஒப்படைத்து வந்திருக்கிறது. அவர்கள் அரசாங்கத்தின் சார்பில் கையெழுத்திடுவர். ஆனால் மேலதிகாரி கம்பெனிக்காரர்.

இந்த முறை முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. ஒரு விமானத்தின் லட்சக்கணக்கான பகுதிகளை அரசாங்க அதிகாரிகளே பார்ப்பதென்றால் காலமும் போதாது. அந்த நுட்பம் அறிந்தோர் கம்பெனியில்தான் அதிகம். ஆனால் கையெழுத்திடுபவருக்கு அச்சமின்றி மறுக்கும் உரிமை வேண்டும். 2016ஆம் ஆண்டில் போயிங் தானே நடத்திய உள்விசாரிப்பில், பதிலளித்த இத்தகைய பொறியாளர்களில் 100க்கு 39 பேர் தகாத நெருக்கடியை உணர்ந்ததாகத் தெரிவித்திருந்தனர் என்று அமெரிக்க மக்கள் சபைக் குழு 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாத அறிக்கையில் எடுத்துக் காட்டியது. எம்காஸ் ஏற்பாட்டின் வலிமையைக் கம்பெனி இடையில் பன்மடங்கு உயர்த்தியதை, சான்று வழங்கும் அதிகாரிகளில் முக்கியமான பலர் அறியவேயில்லை.

இரண்டு கோணக் கருவிகளும் மாறுபட்டால் எச்சரிக்கும் விளக்கு ஒன்று விமானத்தில் இருப்பதாகக் கருதப்பட்டது. பெரும்பாலான விமானங்களில் அது வேலை செய்யவில்லை. இதனைப் போயிங் 2017ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தும், பிறகு திருத்திக் கொள்ளலாமென்று தள்ளி வைத்தது. லயன் ஏர் விபத்துக்கு முன் வாங்கியவர்களுக்குத் தெரிவிக்கவில்லை.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எம்காஸ் இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறும், ஒரு முறைக்கு மேல் தள்ளாதவாறும் மாற்றப்பட்டது. விமானிகளுக்குப் பயிற்சிக் கூடப் பழக்கம் கட்டாயமாயிற்று. 20 மாதங்கள் தரையில் நின்ற பிறகு, 2020 நவம்பரில் அமெரிக்காவும், 2021 ஆகஸ்டில் இந்தியாவும் பறக்க அனுமதித்தன. 2021 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி போயிங் 250 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. இத்துடன் படிப்பினை முடிந்ததென்றே உலகம் எண்ணியது.

நான்கு போல்ட்டுகள்

2024ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்து 171 பிரயாணிகளுடனும் 6 ஊழியர்களுடனும் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. அதுவும் மாக்ஸ் வகையே; தயாராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சுமார் 15,000 அடி உயரத்தில் விமானத்தின் இடப்பக்கச் சுவரில் கதவளவு இருந்த ஒரு பலகை பெயர்ந்து வெளியே பறந்தது. உள்ளிருந்த காற்று பேரோசையுடன் வெளியேறிற்று. அந்தத் துவாரத்தை ஒட்டிய இரண்டு ஆசனங்களிலும் அன்று எவரும் அமர்ந்திருக்கவில்லை. விமானிகள் திரும்பி வந்து பத்திரமாக இறக்கினர். ஓர் உயிரும் போகவில்லை.

அந்தப் பலகை, அதிக ஆசனங்கள் அமைக்கும் விமானங்களில் அவசர வாயில் வரவேண்டிய இடத்தை மூடும் அடைப்பு. அது மேல் நோக்கி நகர்ந்தால்தான் கழலும். அவ்வாறு நகராமல் பிடித்து வைப்பவை நான்கு போல்ட்டுகள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விழுந்த பலகையைத் தேடி எடுத்துச் சோதித்தது. போல்ட்டுகள் முறிந்ததற்கோ அறுந்ததற்கோ அடையாளமில்லை. அவை அங்கே இருக்கவேயில்லை.

2023 ஆகஸ்டு இறுதியில் விசிட்டா நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்த விமான உடலில், பலகையின் அருகே ஐந்து தறையாணிகள் பழுதாயிருந்தன. அவற்றை மாற்றுவதற்காக ரென்டன் தொழிற்சாலையில் செப்டம்பர் மாதம் பலகையைத் திறந்தனர். திறக்கும்போது போல்ட்டுகளைக் கழற்றினர். தறையாணி மாற்றிய வேலை ஏட்டில் இருக்கிறது. பலகையைத் திறந்த வேலை ஏட்டில் இல்லை. ஏட்டில் ஒரு வேலை பதிவானால், அது முறைப்படி மூடப்பட்டதா என்று பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிவே இல்லாத வேலைக்குப் பரிசோதகர் எவ்வாறு வருவார்? பலகை தன் இடத்தில் பொருந்தி நின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றியது.

போல்ட்டுகள் இல்லாத நிலையைக் காட்டிய சான்றுகளில் ஒன்று, தொழிலாளர்கள் தம்முள் அனுப்பிக்கொண்ட ஒரு சாதாரணப் புகைப்படம். திறந்தவர் யார், மூடியவர் யார் என்று விசாரணையாளர்கள் கேட்டபோது, எவ்வளவு தேடியும் அதற்குரிய ஏடு கிடைக்கவில்லை என்று கம்பெனி பதில் கூறிற்று. விமானிகளின் பேச்சைப் பதியும் கருவியிலிருந்தும் பயன் கிட்டவில்லை. அது இரண்டு மணி நேரப் பேச்சை மட்டுமே வைத்திருக்கும். இறங்கிய பின் உரிய காலத்தில் நிறுத்தாததால், புதிய ஒலி பழையதை அழித்துவிட்டது. புதிய விமானங்களில் 25 மணி நேரம் பதிய வேண்டுமென்று 2024ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது.

குற்றம் யாருடையது?

போல்ட்டைப் பூட்டாமல் விட்ட தொழிலாளியைக் கண்டுபிடித்துத் தண்டித்தால் தீர்ந்தது என்று நினைப்பது எளிது. 2025ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி வாரியம் கூடி முடிவு கூறியபோது அவ்வாறு சொல்லவில்லை. பகுதிகளைக் கழற்றும்போது என்ன எழுத வேண்டும் என்பதைத் தொழிலாளர்களுக்குப் போதிய அளவு கற்பிக்கவும், வழிகாட்டவும், மேற்பார்வையிடவும் போயிங் தவறியதே மூலகாரணம் என்று கூறிற்று. சான்று வழங்கும் அரசாங்க நிர்வாகத்தின் மேற்பார்வைக் குறையையும் சுட்டிக் காட்டிற்று.

இதனை நமது சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நூல் வழங்கும் ஏட்டில் ஒரு நாள் பதிவு விட்டுப் போனால் குமாஸ்தாவைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிடுகிறோம். அவருக்கு எழுதும் முறை சொல்லித் தரப்பட்டதா? பாவு நூலுக்கு வரிசையில் நாற்பது பேர் நிற்கையில் எழுத அவகாசம் இருந்ததா? எழுதியதை வாரந்தோறும் எவரேனும் பார்த்தனரா? இம்மூன்றும் இல்லையெனில், குமாஸ்தா மாறினாலும் பிழை மாறாது.

அரசாங்கத்தின் நடவடிக்கையிலும் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு மாக்ஸ் விமானத்துக்கும் பறக்கத் தகுதிச் சான்று கொடுக்கும் வேலையை 2019ஆம் ஆண்டில் அது கம்பெனியிடமிருந்து தன் கைக்கு மீட்டுக்கொண்டது. பலகை பெயர்ந்த பின், மாதம் 38 மாக்ஸ் விமானங்களுக்கு மேல் செய்யலாகாதென்றும் கட்டளையிட்டது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் சான்று வேலையில் ஒரு பகுதியை மட்டும், ஒரு வாரம் கம்பெனியும் மறுவாரம் அரசாங்கமுமாகப் பார்ப்பதென்று திரும்ப ஒப்படைத்தது. அக்டோபரில் உற்பத்தியை மாதம் 42 வரை உயர்த்த இசைந்தது. ஒரு முறை இழந்த நம்பிக்கை எவ்வளவு சிறுகச் சிறுகத் திரும்புகிறது என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

ஒருவர் அறிந்ததைப் பலர் அறிதல்

விமான உலகின் குறைகளையே சொல்லி முடிப்பது நியாயமாகாது. விமானப் பிரயாணம் இன்று இவ்வளவு பத்திரமாக இருப்பதற்குக் காரணம், அவ்வுலகத்தார் தங்கள் விபத்துகளை மறைக்காமல் எழுதி, எல்லா நாடுகளோடும் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை வளர்த்ததே. 1951ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச விதியொன்று, விபத்து விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே ஒழியப் பழி சுமத்துவதன்று என்று வகுக்கிறது.

இவ்வழக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி டிரான்ஸ் வேர்ல்டு கம்பெனியின் விமானம் வாஷிங்டனுக்கருகே மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். இறங்கும் வழியைக் காட்டும் படத்தை விமானிகள் பிறழ உணர்ந்து அளவுக்கு முன்பே தாழ்ந்துவிட்டனர். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் கம்பெனியின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே விதமாகத் தாழ்ந்து, மயிரிழையில் தப்பியிருந்தது. அவர்கள் தங்கள் கம்பெனிக்கு அறிவித்தனர். அக்கம்பெனி விமானிகள் எச்சரிக்கையாயினர். போட்டிக் கம்பெனி விமானிகளுக்கு அச்செய்தி எட்டவில்லை. இதன் பின்னரே 1976ஆம் ஆண்டில், எந்தக் கம்பெனியைச் சேர்ந்தவரும் தமது பிழையையோ தாம் கண்ட அபாயத்தையோ பெயர் வெளிவராமல் எழுதித் தெரிவிக்கும் பொது ஏற்பாடு அமெரிக்காவில் தொடங்கியது.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஓர் ஊரில் சாயம் நிற்காத நூல் வந்து ஏமாந்தவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்து அடங்கினால், அதே நூல் அடுத்த ஊர்ச் சங்கத்தின் தறியில் ஏறும். முளைக்காத விதையும் அப்படியே.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

தணிக்கைக்காரர் வருகிறார் என்றால் ஏதோ தொல்லை வருகிறதென்று எண்ணும் மனப்பான்மை நம் சங்கங்களில் இன்னும் உண்டு. வேலை நடந்தால் போதாதா, ஏடு எதற்கு என்று கேட்பவர்களும் உளர். ஏட்டில் இல்லாத வேலை நடந்ததாகவும் இருக்கலாம், பாதியில் நின்றதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதே நமது விடை. அந்தப் பலகை ஏறக்குறைய இரண்டு மாதம் பிரயாணிகளைச் சுமந்து பறந்த பிறகே பெயர்ந்தது. இருப்பில் குறையும் நூலும், வசூலித்து வரவில் ஏறாத தவணையும் உடனே விழுந்துவிடுவதில்லை. அவை விழும் நாளில் அங்கத்தினரின் பங்குத் தொகையும் உடன் விழுகிறது.

ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் மூன்று காரியங்களைக் கைக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, நூலோ உரமோ பெற்றாலும், துணியோ விளைபொருளோ ஒப்படைத்தாலும், அது உங்கள் கணக்குப் புத்தகத்திலும் சங்கத்தின் ஏட்டிலும் பதிந்த பின்னரே இடத்தை விட்டு அகலுங்கள். இரண்டாவது, இருப்பை வைத்திருப்பவரே இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் உங்கள் சங்கத்தில் உண்டா என்று கேளுங்கள். உண்டெனில், நிர்வாகக் குழுவிலிருந்து வேறொருவர் உடனிருந்து எண்ண வேண்டுமென்று தீர்மானம் கொண்டு வாருங்கள். மூன்றாவது, மகாசபைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை வாசித்ததாகக் கொள்ளப்பட்டது என்று எழுதிக் கடந்துவிட இடங்கொடாதீர்கள். சுட்டிய குறை ஒவ்வொன்றும் என்னவாயிற்று என்று எழுந்து வினவுங்கள். குறையைத் தாமே முன்வந்து சொல்லும் ஊழியரை அவையில் இழிவுபடுத்தாமல் இருப்பதும் அங்கத்தினரின் கடமையே. அவர் அடுத்த முறை வாய் திறவாவிட்டால், நஷ்டம் நம்முடையது.